லரீபாவின் பாத்தி

பண்டாரவளைக் கடைத்தெருவில் கடைசி விலை என்று ஒரு விலை உண்டு. அது கடைசி விலை அல்ல என்பது விற்கிறவருக்கும் தெரியும், வாங்குகிறவருக்கும் தெரியும். கடைசி விலையைச் சொன்ன பிறகு வாங்குகிறவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு படியிறங்க வேண்டும். அவர் பக்கத்துக் கடை வாசலைத் தாண்டுவதற்குள் விற்கிறவர் கையைத் தட்டிக் கூப்பிட வேண்டும். திரும்பி வந்தவருக்குச் சொல்கிற விலைதான் விலை. இந்த ஒழுங்கு பிடிக்காதவர்கள் விலைச் சீட்டு ஒட்டிய கண்ணாடிக் கடைகளுக்குப் போய் நிம்மதியாக ஏமாறலாம். தடுப்பார் யாருமில்லை.

புவாத் ஹாஜியார் இந்த ஒழுங்கில் பிறந்தவர். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் அவருடைய புடவைக் கடை. ஒருமுறை பல் வைத்தியரிடம் பேரம் பேசி, ஒரு பல்லைப் பிடுங்குகிற காசுக்கு இரண்டு பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்தார். இரண்டாவது பல்லில் வலியே இருக்கவில்லை என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் அவருக்கு நினைவு வந்தது.

அப்படிப்பட்ட மனிதர் எதையும் வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்பதில்லை. வேண்டும் என்ற முகத்தைக் காட்டினால் விலை ஏறிவிடும். வீட்டிலும் அப்படித்தான். பசி வந்தால், "பசியொண்டும் இல்ல" என்பார். அவருடைய மனைவி லரீபா பதுளையில் ஒரு பள்ளிக்கூட வாத்தியாரின் மகள். அந்த வீட்டில் ஆமாம் என்றால் ஆமாம், இல்லை என்றால் இல்லை. கல்யாணமான புதிதில், பசியில்லை என்ற மாப்பிள்ளையை நம்பி அவள் சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டாள். வாத்தியார் மகள் கெட்டிக்காரி. கொஞ்சக் காலத்தில் இந்தப் பாஷையைப் படித்துக்கொண்டாள். எவ்வளவு நன்றாகப் படித்துக்கொண்டாள் என்பதை ஹாஜியார் கடைசி வரை கவனிக்கவில்லை. சரக்கு வீட்டில் இருக்கும்வரை யார் அதைத் திருப்பிப் பார்க்கிறார்கள்?

அவர்களுக்கு ஒரே மகள், ஷிப்னா. கனடாவில் டொரொன்டோவில் புருஷன் பிள்ளையோடு இருக்கிறாள். முந்திய முறை வந்தபோது, காலியான விற்றமின் போத்தல் ஒன்றில் தன் வீட்டு முற்றத்துப் பூவின் விதையைக் கொண்டு வந்து உம்மாவிடம் கொடுத்தாள். கோன் பூ என்றாள். இளஞ்சிவப்பு இதழ்கள் பாவாடை போலக் கீழே தொங்கும். நடுவில் தேன் நிறத்தில், முள்ளம்பன்றிக் குட்டி உட்கார்ந்த மாதிரி ஒரு கூம்பு நிற்கும். ஒருமுறை வேர் பிடித்தால் வருடா வருடம் பூக்கும். குளிர் வந்தால் மேலே எல்லாம் காய்ந்து மண்ணுக்குள் போய்விடும், காலம் வந்ததும் தானாக எழும்பும்.

லரீபா அந்த விதையை ஈர மணலில் பிசைந்து, மூடி போட்ட டப்பாவில் அடைத்து, ஐஸ் பெட்டியின் கீழ்த்தட்டில் மீனுக்குப் பக்கத்தில் வைத்தாள். விதையைச் சளி பிடிக்க வைக்கிற உலகத்தை இப்போதுதான் பார்க்கிறேன் என்று ஹாஜியார் சிரித்தார். அந்த நாட்டில் விதை பனிக்குக் கீழே கிடந்துதான் விழிக்குமாம், குளிர் படாமல் அதற்கு உயிர் வராதாம் என்று அவள் விளக்கினாள். நம்முடைய பண்டாரவளைக் குளிர் போதாதா என்று கேட்டார். நம்முடைய குளிர் மனிதர்களுக்குத்தான் போதும் என்றாள்.

பிறகு குசினிக்குப் பின்னால், தோட்டம் சரிவாக இறங்குகிற இடத்தில், அடியில் கல்லும் சரளையும் போட்டு உயரமாக ஒரு பாத்தி கட்டி விதைத்தாள். முதல் வருடம் வெறும் இலைதான். தடவினால் பூனை நாக்குப் போலச் சொரசொரத்த இலை. வருடம் முழுக்கச் சும்மா உட்கார்ந்து தின்கிறதே, கடைக்கு இப்படி ஒரு பையன் இருந்தால் எப்போதோ அனுப்பியிருப்பேன் என்றார் ஹாஜியார். முதல் வருடம் அது வேருக்குத்தான் வேலை செய்யும் என்று அவள் சொன்னாள். அவருடன் வாழ்ந்த இத்தனை காலத்தில் லரீபா தனக்கென்று கேட்டு எடுத்துக்கொண்டது அந்தப் பாத்தி ஒன்றைத்தான்.

இரண்டாம் வருடம் மே மாதம் ஷிப்னாவுக்கு இரண்டாவது பிரசவம் வந்தது. லரீபா ஆறு மாதத்துக்குக் கனடா போனாள். வேனில் ஏறுமுன் அவரைப் பாத்திக்கு அழைத்துக்கொண்டு போய்ப் பாடம் எடுத்தாள்.

"தண்ணி ஊத்த வேணாம். பசளை வேணாம். காஞ்சு போனாலும் கை வைக்க வேணாம். சும்மா விடுங்க ஷிப்னாட வாப்பா. உங்களுக்குச் சும்மா விடத் தெரியாது, அதான் செல்றன்."

ஹாஜியார் தலையாட்டினார். இலங்கையில் சும்மா இருப்பதற்கு யார் யாருக்கோ சம்பளம் கிடைக்கிறது, நமக்கு இலவசமாக வந்திருக்கிறது என்று சிரித்தார்.

ஜூலையில் கச்சான் காற்று ஊவா மலையெல்லாம் தேய்த்து உலர்த்தியது. தோட்டத்தில் மற்ற எல்லாம் வாடிக் கிடக்க, அந்தப் பாத்தியில் மட்டும் நாலைந்து பூ நிமிர்ந்து நின்றது. ஹாஜியார் படம் பிடித்து அனுப்பினார். லரீபா அதைத் தெருவிலுள்ள எல்லோருக்கும் காட்டினாளாம். பூத்து முடிந்ததும் வெட்ட வேண்டாம், கூம்பிலுள்ள விதையைக் குருவி தின்னட்டும், மிச்சம் கீழே விழட்டும் என்று சொன்னாள். அந்த நாட்களில் ஹாஜியார் காலையில் பல் துலக்கிக்கொண்டே பாத்தியைச் சுற்றி வருவார். யாரும் பார்க்காத நேரத்தில் ஒரு பூவின் கூம்பை உள்ளங்கையால் பொத்திப் பார்ப்பார். முள் போலத் தோன்றும், குத்தாது.

அக்டோபரில் ஒரு நாள் மஃரிபுத் தொழுகைக்குப் பிறகு அவள் அழைத்தாள். அங்கே காலை. பிள்ளை பாலுக்கு அழுகிற சத்தம் கேட்டது. கொஞ்சம் அதையும் இதையும் பேசிவிட்டுக் கேட்டாள்:

"புள்ள இன்னம் சின்னது. ஷிப்னாக்குத் தனியா ஏலாதாம். விசாவ நீட்டலாமாம். நான் இன்னம் கொஞ்சம் ஈக்கட்டா? என்ன செல்றீங்க?"

 ஹாஜியார் அறுபத்து மூன்று வயதுக்காரர். அந்த ஆறு மாதமும் அவர் ஹோட்டல் சோற்றைத் தின்று, மாத்திரையை மாற்றி விழுங்கி, வீட்டில் எல்லா விளக்கையும் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வா என்று ஒரு எழுத்து. தொண்டை வரை வந்தது. ஆனால் தொண்டைக்கு மேலே ஐம்பது வருடக் கடைத்தெரு குந்தியிருந்தது. எதிராளி விலையைச் சொல்லிவிட்டான், இப்போது முகத்தைக் காட்டக் கூடாது, படியிறங்க வேண்டும்.

"உன்ட இஷ்டம்," என்றார். "இங்க உன்ன நம்பி ஒண்டும் நிக்கல்ல."

 லரீபா, சரி என்றாள். மாத்திரை தீரவில்லையே என்று கேட்டாள். தொலைபேசியை வைத்தாள்.

ஹாஜியார் தொலைபேசியை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். கூப்பிடுவாள். பக்கத்துக் கடை வாசலைத் தாண்டுவதற்குள் கூப்பிடுவாள். அடுத்த நாளும் காத்திருந்தார். அடுத்த வாரம் அவள் அழைத்தபோது விசாவுக்குக் கொடுத்தாயிற்று என்று, மழை பெய்கிறது என்பது போலச் சொன்னாள்.

எதிர்க் கடை ஜுனைதீனுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. கடைத்தெருவில் தெரியாமல் இருக்க அது என்ன வருமான வரியா? பாத்திரக் கடைக்காரன்; வாயும் அப்படித்தான், எங்கே தட்டினாலும் சத்தம் வரும்.

"மச்சான், வா எண்டு செல்லிடுங்க," என்றான். "ஒரு சொல்லு. ஃபோன் கோல் காசு கூட இல்ல, இப்ப எல்லாம் சும்மாதான்."

"கேட்டா வெல ஏறும்."

"பொஞ்சாதிக்கு என்ன வெல?"

"அது தெரிஞ்சா நான் ஏன் இன்னும் படியில நிக்கிறன்?" என்றார் ஹாஜியார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஜுனைதீன் சிரிக்கவில்லை.

கூப்பிடுவதில்லை, ஆனால் அவளாகத் திரும்பி வரும்படி செய்ய வேண்டும். இதற்குக் கடையில் ஒரு வழி உண்டு. படியிறங்குகிறவரின் கண்ணில் படும்படி, வாசலிலேயே நல்ல பட்டு ஒன்றை விரித்துப் போடுவது. ஹாஜியார் யோசித்துக் கண்டுபிடித்தது அதுதான். பாத்தி முழுக்கப் பூக்க வேண்டும். நாலைந்து போதாது, பாத்தியே தெரியக் கூடாது. அதைப் பார்த்தால் அவளால் அங்கே இருக்க முடியாது. அவர் எதுவும் கேட்கத் தேவையில்லை.

சனிக்கிழமைகளில் தோட்டத்தைத் துப்புரவாக்க மாணிக்கராஜ் வருவான். பெரகலவுக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில் இருக்கிறான். தோட்டத்தில் வேலை நாள் குறைந்துபோனதால் டவுன் வீடுகளில் கைவேலை. இளமையில் கவ்வாத்துக் கூட்டத்தில் பேர் வாங்கியவன். தேயிலைச் செடியை இடுப்பளவில் சமமாக வெட்டித் தள்ளுகிற வேலைதான் கவ்வாத்து. செடி செத்த மாதிரி மொட்டையாக நிற்கும், பிறகு கொழுந்து கிளம்பும். அவனுக்குத் தெரிந்த உலகத்தில் வெட்டினால் கிளம்பாத செடி இல்லை. ஹாஜியாருக்குத் தெரிந்த உலகத்தில் முதல் போட்டால் பெருகாத சரக்கு இல்லை. இரண்டு உலகமும் அந்தப் பாத்தியின் தலைமாட்டில் சந்தித்தன.

"வெட்டிப்புடலாம் மொதலாளி," என்றான் மாணிக்கராஜ். "மண்ணோட வெட்டி, தோட்டத்துப் பசளையப் போட்டு, மேல சாணிய அணைச்சு வுட்டா, கெறிஸ்மசுக்கு எடம் கொள்ளாது."

அவள் கை வைக்க வேண்டாம் என்றாளே என்று ஹாஜியாருக்கு ஒரு தரம் உறுத்தியது. ஆனால் விற்கிறவர் சொல்வதை எல்லாம் கேட்டால் யாராவது சரக்கு வாங்க முடியுமா? ஆகட்டும் என்றார். மாணிக்கராஜ் கவ்வாத்துக் கத்தியைத் தீட்டி, குருவிக்காக விட்டிருந்த கூம்புகளோடு சேர்த்துச் செடிகளைத் தரையோடு வெட்டினான். வெட்டியதைக் குப்பையில் போட்டுக் கொளுத்தினான். தேயிலைக்குப் போடுகிற பசளையை ஹாஜியார் தாராளமாகவே தூவச் சொன்னார். அதற்கு மேல் ஈரச் சாணியை மேடு மேடாகக் குவித்து அடித்தார்கள். அவர் வாழ்க்கையில் பேரம் பேசாமல் வாங்கிய சரக்கு அந்தச் சாணி ஒன்றுதான்.

நவம்பர் மழை இறங்கியது. அந்த மழையைச் சொல்லி மாளாது. பெரகலச் சந்திக்கு மேலே மண் சரிந்து ரோட்டு அடைத்தது. மாணிக்கராஜின் லயத்து ஆட்களைக் கோயிலுக்கு மாற்றினார்கள். வாரக்கணக்கில் அவன் வரவில்லை. சாணி மேடு தண்ணீரைக் குடித்துக் குடித்து ஊறி உட்கார்ந்தது. லரீபா அடியில் போட்ட கல்லும் சரளையும் தண்ணீரை இறக்கிவிடத்தான் இருந்தன. மேலே இருந்த மூடி இறக்க விடவில்லை.

அவள் அழைக்கும்போதெல்லாம் பாத்தியைக் கேட்டாள். நன்றாக இருக்கிறது என்றார் ஹாஜியார். எப்படி என்று கேட்டாள். பூ அள்ளி வைக்க இடமில்லை என்றார். படம் எங்கே என்றால், மழை விடட்டும் என்றார். சரக்கைப் பற்றிப் பேச வாய் திறந்தால் அவருக்கு வேறு விதமாகப் பேச வராது. ஒருநாள் அவள் குரல் தழுதழுத்தது.

"அப்ப நீங்க என்ட சொல்லக் கேட்டீக்கிறீங்க," என்றாள். "சும்மா விட்டீக்கிறீங்க."

அதற்கு அவர் ஆமாம் என்றார். அன்று ராத்திரி அவருக்குச் சோறு இறங்கவில்லை; பசியில்லை என்று சொல்லவும் ஆள் இல்லை.

ஜனவரியில் வெயில் வந்தது. வேலியோரத்துச் செம்பருத்தி துளிர்த்தது, பேர் தெரியாத புல்லெல்லாம் துளிர்த்தது. பாத்தி மட்டும் கறுத்து, மேலே பாசி பிடித்துக் கிடந்தது. மாணிக்கராஜ் ஒரு சனிக்கிழமை விடிந்ததும் மறுபடி வந்து பார்த்து, காலால் ஒரு தரம் மிதித்து, இது போச்சு மொதலாளி, கறிக்கு லீக்ஸ் போடுவோம் என்றான். ஹாஜியார் அவனைக் குடிக்கத் தேயிலை ஊற்றச் சொல்லிக் குசினிக்கு அனுப்பிவிட்டு, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தானே குந்தி உட்கார்ந்தார். சிறிய மண்வெட்டியால் ஓரத்தில் கீறினார். கையை விட்டுத் துழாவினார்.

முதல் வேர் விரலோடு வந்தது. கறுப்பாக, மென்று துப்பிய வெற்றிலைச் சக்கை போல. அழுத்தினால் தண்ணீர் விட்டது; வாடை அடித்தது. அடுத்ததும் அப்படித்தான். பாத்தியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை அவர் ஒன்று விடாமல் தேடினார். ஒரு கிழங்கில் மட்டும் ஒரு பக்கம் வெள்ளையாக இருப்பது போலத் தெரிந்தது. நகத்தால் சுரண்டினார். அதுவும் பிய்ந்து வந்தது.

அப்போதுதான் தொலைபேசி அடித்தது. இடது கையில் வேர்களை வைத்துக்கொண்டு வலது கையால் எடுத்தார். திரையில் லரீபா. குளிருக்குத் தொப்பி போட்டிருந்தாள், கன்னம் சிவந்திருந்தது. அங்கே இரவு; இவ்வளவு நேரம் வெளியே தெரு விளக்கில், பனியில் பெரிய பிள்ளையோடு விளையாடினாளாம். பஸ்ஸில் தனியாகப் போக இப்போது தெரியுமாம். பக்கத்து வீட்டுச் சோமாலிப் பெண்களுக்குக் கிழமையில் ஒருநாள் குர்ஆன் சொல்லிக் கொடுக்கிறாளாம். அவர்கள் அவளை டீச்சர் என்று கூப்பிடுகிறார்களாம். அவள் இப்படி மூச்சு விடாமல் பேசி ஹாஜியார் கேட்டதில்லை. குளிர் படாமல் உயிர் வராது என்று ஐஸ் பெட்டிக்கு முன்னால் நின்று அவள் சொன்னது அவருக்கு ஏனோ நினைவு வந்தது.

"லரீபா," என்றார். "வா."

"என்ன செல்றீங்க?"

"வா. எனக்கு ஏலாது. நீ இல்லாம எனக்கு ஏலாது. வா."

 அவள் சிரித்தாள். கோபமான சிரிப்பல்ல, நல்ல கடைக்காரர் ஒருவர் இன்னொருவரின் கைத்திறனைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு.

"இது எத்தனையாவது வெல, ஷிப்னாட வாப்பா?"

"கடைசி வெல," என்றார் அவர். சொன்ன பிறகுதான் அந்தச் சொல் அவருடைய காதிலேயே விழுந்தது. அவளிடமும் ஊரிடமும் ஆயிரம் தரம் விற்ற சொல். ஒரு தரமும் உண்மையாக இருந்ததில்லை. இப்போது உண்மை, யார் நம்புவார்கள்?

"அக்டோபர்ல நான் கேட்ட நேரம் இதச் செல்லியிருந்தா, அடுத்த ப்ளேன்ல வந்தீப்பன்," என்றாள் லரீபா. பழைய வியாபாரம் ஒன்றைப் பற்றிப் பேசுகிற மாதிரி நிதானமாகச் சொன்னாள். "வா எண்டு செல்வீங்க எண்டுதான் கேட்டன். நீங்க படியிறங்கிப் போயிட்டீங்க. நான் கூப்பிடல்ல. உங்களிட்டப் படிச்சதுதான்."

ஹாஜியார் கையிலிருந்த வேர்களை இறுக்கிப் பிடித்தார்.

"சரி, பாத்தியக் காட்டுங்க," என்றாள்.

இடது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். தொலைபேசியைத் திருப்பினார். கறுத்த மண்ணும் பாசியும் கனடாவுக்குப் போயின.

"ஒண்டும் இல்ல, லரீபா. செத்துட்டுது."

"சாகல்ல. உள்ளுக்குப் போயீக்குது. நான் எத்தின தரம் செல்லீக்கன்? இம்புட்டு நாளும் பூத்துத் தள்ளினத்துக்கு இப்பக் களைச்சுப் படுத்தீக்குது." அவள் குரலில் குறும்பு ஏறியது. "என்னைய வர வைக்கிறத்துக்கு இப்ப என்ட பூவையும் சாகடிக்கிறீங்களா? சரி, கேளுங்க. அது மொளைக்கட்டும். மொளைச்ச அண்டைக்கே டிக்கட் போடுறன். அது வரைக்கும் இங்கதான். இதான் என்ட கடைசி வெல."

ஹாஜியாருக்குத் தெரியும்: அவள் பேரத்தை அவரிடம் படித்திருக்கலாம், ஆனால் வாத்தியார் மகள். முளைத்தால் நிச்சயமாக வருவாள். முளைக்காவிட்டால் நிச்சயமாக வரமாட்டாள். இடது கையைக் காட்டினால் முடிந்தது. ஆனால் அந்தக் கையைக் காட்டுவதென்றால், நீ கேட்டுக்கொண்ட ஒரே ஒன்றையும் நான் கேட்கவில்லை, அதற்கு மேல் மாதக்கணக்கில் பொய்யும் சொன்னேன் என்று காட்டுவது. கை முதுகுக்குப் பின்னாலேயே நின்றது. விரலிடுக்கால் தண்ணீர் மணிக்கட்டுக்கு வழிந்தது.

"சரி," என்றார்.

"கை வைக்காதீங்க, என்ன? சும்மா விடுங்க."

அவள் போய்விட்டாள். ஹாஜியாரின் மூளை பழக்கத்தில் மாற்றுச் சரக்கு தேடியது. வேறு விதை எங்கே கிடைக்கும்? ஐஸ் பெட்டியிலிருந்த டப்பாவை அவள் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் போனாள். நுவரெலியா வரை போய்க் கேட்டாலும் இந்தப் பேரைச் சொன்னால் ஐஸ்கிரீம் கடையைத்தான் காட்டுவார்கள். ஷிப்னாவிடம் கேட்கலாம், கேட்டால் அவள் பக்கத்தில் உம்மா நிற்பாள். அப்படியே எங்காவது கிடைத்து முளைத்தாலும், பழைய வேரில் வருகிற இலைக்கும் புது நாற்றுக்கும் வித்தியாசம் லரீபாவுக்குத் தெரியும். ஐம்பது வருடத்தில் முதல் தடவையாக, விற்க முடியாத சரக்கு ஒன்று அவர் கையில் இருந்தது.

அவர் வேர்களை ஒவ்வொன்றாக அந்தந்தக் குழியில் வைத்தார். மண்ணைத் தள்ளி மூடினார். யாரோ தூங்குகிற இடத்தைத் தட்டுவது போல மேலே தட்டினார்.

மாணிக்கராஜ் தேயிலையோடு வந்தான். கோப்பையைப் பாத்திக் கட்டின் மேல் வைத்துவிட்டு மண்வெட்டியைக் கையில் எடுத்தான்.

"லீக்ஸுக்கு வெட்டவாங்க மொதலாளி?"

"வேணாம்," என்றார் ஹாஜியார். "அது சாகல்ல. உள்ளுக்கு ஈக்குது."

மாணிக்கராஜ் பாத்தியைப் பார்த்தான். அவருடைய நகத்துக்குள் இருந்த கறுப்பையும் பார்த்தான்.

"ஆமாங்க," என்றான்.

சரக்கு ஓட்டை என்று கண்டுகொண்டு, மனம் நோகாமல் படியிறங்குகிறவர்கள் சொல்கிற ஆமாங்க அது. கடையில் அதை ஹாஜியார் பலமுறை கேட்டிருக்கிறார். அப்படிப் போகிறவர்களைக் கூப்பிட்டுப் பயனில்லை என்பது அவருக்குத் தெரியும். மாணிக்கராஜ் மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு செம்பருத்தி வேலிப் பக்கம் இறங்கிப் போனான். கோப்பையில் தேயிலை ஆறிக்கொண்டிருந்தது. ஹாஜியார் பாத்திக்குப் பக்கத்தில், எதிலும் கை வைக்காமல், சும்மா உட்கார்ந்திருந்தார்.